எம்.டி.எஸ். மருந்து ஆய்வுகளில் ‘பலன்’ என்று எதைச் சொல்கிறார்கள்?

"இரத்தப் புற்றுக்குப் புது மருந்து, 40 சதவீதம் பேருக்குப் பலன்" என்று ஒரு செய்தி ஃபார்வர்டு ஆகி வரும். படிக்கிறவர்களில் சிலர், நூற்றுக்கு நாற்பது பேருக்கு நோய் குணமாகிவிட்டது என்று எடுத்துக்கொள்வார்கள். வேறு சிலர், மீதி அறுபது பேரைச் சோதனை எலியாக்கிவிட்டார்கள் என்று கோபப்படுவார்கள். செய்தியில் வந்த எண் சரியாகவே இருக்கும். எதில் 40, யாரோடு ஒப்பிட்டு 40 என்ற இரண்டு விவரம் மட்டும் வழியில் எங்கோ உதிர்ந்திருக்கும். அவை இல்லாவிட்டால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

இந்தக் குழப்பத்துக்கு அதிகம் ஆளாகும் நோய்களில் ஒன்று மையலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம். மருத்துவர்கள் சுருக்கமாக எம்.டி.எஸ். என்பார்கள். பெரும்பாலும் வயதானவர்களுக்கு வரும் இரத்த நோய். கடந்த இருபது ஆண்டுகளில் இதற்குச் சில நல்ல மருந்துகள் வந்திருக்கின்றன. பெரிதாக நம்பவைத்துக் கடைசியில் கைவிட்ட மருந்துகளும் நிறைய. எது எந்தப் பக்கம் என்பது எப்படி முடிவானது என்று பார்த்தால், இந்த நோயும் புரியும், மருத்துவ ஆய்வு என்பது என்ன என்பதும் புரியும்.

## நோய் எங்கே இருக்கிறது?

நம் இரத்தத்தில் ஓடும் சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு மூன்றும் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில்தான் உருவாகின்றன. சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். தட்டணுவுக்கு ஒரு வாரம், பத்து நாள். ஆகவே மஜ்ஜை ஓயாமல் புதிய அணுக்களை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மூலமாக அங்கே கொஞ்சம் செல்கள் உண்டு. அவைதான் ஸ்டெம் செல்கள்.

நெல் நாற்றங்காலை நினைத்துக்கொள்ளுங்கள். விதை முளைத்து, நாற்றாகி, பறித்து வயலில் நடுகிற பக்குவத்துக்கு வர வேண்டும். எம்.டி.எஸ்.ஸில் நாற்றங்கால் அடர்த்தியாகத்தான் இருக்கும். பறிக்கப் போனால் பாதி நாற்று அழுகியிருக்கும், மீதி வளராமல் நிற்கும். வயல் வெறுமையாகக் கிடக்கும். மஜ்ஜையைப் பரிசோதித்தால் செல்கள் ஏராளம். கையில் எடுக்கும் இரத்தத்தில் எண்ணிக்கை குறைவு. முரணாகத் தோன்றும் இந்த நிலைக்குக் காரணம், செல்கள் முதிர்ந்து வெளியே வருவதற்குள் மஜ்ஜைக்குள்ளேயே மடிந்துபோவதுதான். இதோடு அடிக்கடி சேர்த்துப் பேசப்படும் ஏபிளாஸ்டிக் அனீமியா வேறு. அதில் மஜ்ஜையே கிட்டத்தட்டக் காலியாக இருக்கும்.

ஏன் இப்படி ஆகிறது? ஏதோ ஒரு ஸ்டெம் செல்லின் மரபணுவில் பழுது ஏற்படுகிறது. அது பக்கத்துச் செல்களைவிட வேகமாகப் பெருகும் தன்மையைப் பெற்றுவிட்டால், ஆண்டுக்கணக்கில் அதன் வாரிசுகளே மஜ்ஜையை நிறைக்கும். ஒரே செல்லிலிருந்து வந்த இந்தக் கூட்டத்துக்குக் குளோன் என்று பெயர். குளோன் பெருகும், ஆனால் நல்ல அணுக்களைத் தராது. சிவப்பணு குறைந்தால் சோகை, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு; வெள்ளையணு குறைந்தால் அடிக்கடி தொற்று; தட்டணு குறைந்தால் ஈறில் இரத்தம், தோலில் ஊதாப் புள்ளிகள்.

இதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. முதிராத நிலையிலேயே நின்றுவிட்ட செல்களைப் பிளாஸ்ட் என்பார்கள். ஆரோக்கியமான மஜ்ஜையில் இவை 5 சதவீதத்துக்குள் இருக்கும். 20 சதவீதத்தை எட்டினால் பொதுவாக அது எம்.டி.எஸ். என்ற எல்லையைத் தாண்டி, ஏ.எம்.எல். என்ற கடுமையான இரத்தப் புற்றாகிவிடுகிறது. எம்.டி.எஸ். உள்ளவர்களில் சுமார் மூன்றில் ஒருவருக்கு இப்படி மாறுகிறது. "அப்போ இது புற்றுநோயா, இல்லையா?" என்று குடும்பத்தினர் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு இதைப் புற்றுவகை நோயாகவே வைத்திருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் போகும் புற்று அல்ல.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். வைட்டமின் பி12 குறைபாடும் மஜ்ஜையை இதே மாதிரி காட்டும். செல்கள் நிறைய, ஆனால் கோணல்மாணலாக. ஃபோலிக் அமிலம், தாமிரம் ஆகியவற்றின் குறைபாடு, மதுப்பழக்கம், சில மருந்துகள் ஆகியவற்றாலும் ஆகலாம். சைவ உணவுக்காரர்கள் அதிகமுள்ள நம் நாட்டில், பி12 பார்க்காமல் எம்.டி.எஸ். என்று முத்திரை குத்துவது பெரிய தவறு. ஊசி போட்டாலே சரியாகிற ஒன்றுக்கு யாரும் புற்று மருந்து சாப்பிட வேண்டியதில்லை.

## ஒரே பெயர், இரண்டு விதப் போராட்டம்

எம்.டி.எஸ். உள்ள இருவரைப் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்தால், ஒருவர் பத்து ஆண்டு தாண்டி வாழலாம். மற்றவருக்கு ஒரு வருடமே நிச்சயமில்லாமல் இருக்கலாம். இதைக் கணிக்க 1997ல் ஐ.பி.எஸ்.எஸ். என்ற மதிப்பெண் முறையை உருவாக்கினார்கள். பிளாஸ்ட் எவ்வளவு, குரோமோசோம்களில் என்ன மாற்றம், எத்தனை வகை அணுக்கள் குறைந்திருக்கின்றன என்று பார்த்து மதிப்பெண் போடுவது. 2012ல் அதைத் திருத்தினார்கள். 2022ல் மரபணுப் பழுதுகளையும் சேர்த்துக் கணக்கிடும் வடிவம் வந்தது.

குறைந்த ஆபத்துப் பிரிவில் இருப்பவரின் முதல் கவலை சோகை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஒரு யூனிட் இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்பு ஒரு நாளைக்கு வெளியேற்றுவதோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். மீதி இதயத்திலும் கல்லீரலிலும் படியும். ஆகவே இவருக்கான மருந்து, இரத்தம் ஏற்றும் தேவையை நிறுத்தினாலே பெரிய வெற்றி.

அதிக ஆபத்துப் பிரிவில் கணக்கு வேறு. அங்கே ஆயுள்தான் கேள்வி. ஏ.எம்.எல். ஆவதைத் தள்ளிப்போட வேண்டும், உயிரோடு இருக்கும் காலத்தைக் கூட்ட வேண்டும்.

இதுவரை சொன்னதன் சாரம்: நோய் மஜ்ஜையில் இருக்கிறது; உற்பத்தி நடக்கிறது, ஆனால் சரக்கு வெளியே வருவதில்லை. குறைந்த ஆபத்துக்காரருக்கு ‘பலன்’ என்பது இரத்தம் ஏற்றாமல் இருப்பது. அதிக ஆபத்துக்காரருக்கு ‘பலன்’ என்பது கூடுதல் ஆயுள். செய்தியில் வரும் சதவீதம் இதில் எந்தக் கணக்கு என்பதுதான் முதலில் கேட்க வேண்டியது.

## மருந்தே தராமல் 13 சதவீதம்

லஸ்பாட்டர்செப்ட் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை தோலுக்கடியில் போடும் ஊசி. சிவப்பணு முதிர்ச்சியின் கடைசிக் கட்டத்தைத் தடுத்து நிறுத்தும் சமிக்ஞைகளைப் பிடித்துவைத்து, செல்கள் முதிர்ந்து வெளியேற வழி செய்கிறது. இதைச் சோதித்த மெடலிஸ்ட் ஆய்வின் முடிவு 2020 ஜனவரியில் வெளியானது. இரத்தம் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டிய நிலையில் இருந்த 229 பேர் அதில் சேர்ந்தார்கள்.

153 பேருக்கு மருந்து, 76 பேருக்குப் பிளாசிபோ. பிளாசிபோ என்றால் மருந்து போலவே தோற்றமளிக்கும், உள்ளே மருந்து இல்லாத ஊசி. யாருக்கு எது என்பதைக் கணினி குலுக்கல் முறையில் முடிவு செய்தது. ஊசி போட்டுக்கொள்பவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. தொடர்ந்து எட்டு வாரமாவது இரத்தம் ஏற்றாமல் இருந்தால் அது பலன் என்று ஆய்வு தொடங்குவதற்கு முன்பே வரையறுத்துவிட்டார்கள். மருந்துக் குழுவில் 38 சதவீதம் பேர் அந்த நிலையை எட்டினார்கள்.

பிளாசிபோ குழுவில் 13 சதவீதம் பேர் எட்டினார்கள்.

இந்த இரண்டாவது எண்ணைப் பற்றி யாரும் ஃபார்வர்டு அனுப்புவதில்லை. ஆனால் எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்த எண் இதுதான். வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்களில் சுமார் பத்துப் பேர் எட்டு வாரம் இரத்தம் ஏற்றாமல் இருந்திருக்கிறார்கள். எப்படி? சோகை எப்போதும் ஒரே மட்டத்தில் இருப்பதில்லை, ஏறி இறங்கும். மிக மோசமாக இருக்கும் சமயத்தில்தான் ஆட்கள் ஆய்வுக்கு வருகிறார்கள். அப்போது இருந்த காய்ச்சலோ தொற்றோ அடங்கினால் ஹீமோகுளோபின் தானே கொஞ்சம் ஏறும். இரத்தம் ஏற்றலாமா என்ற முடிவிலும் மருத்துவருக்கு மருத்துவர் வித்தியாசம் உண்டு. ஒருவர் ஏழரையில் ஏற்றச் சொல்வார், இன்னொருவர் ஏழு வரை பொறுப்பார். இவை எல்லாம் சேர்ந்து வந்ததுதான் அந்த 13.

பிளாசிபோ குழு இல்லாமல் இந்த ஆய்வை நடத்தியிருந்தால் முழு 38ஐயும் மருந்தின் கணக்கில் எழுதியிருப்போம். இப்போது 38லிருந்து 13ஐக் கழித்துப் பார்க்கிறோம். கழித்த பிறகும் நல்ல இடைவெளி மிஞ்சியதால் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2020 ஏப்ரலில் இப்படி இரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும் ஒரு வகை எம்.டி.எஸ்.ஸுக்கு ஒப்புதல் தந்தது.

"நோயாளிக்கு வெறும் தண்ணீர் ஊசி போடுவது அநியாயம் இல்லையா?" நியாயமான கேள்விதான். பதில் இரண்டு பகுதி. பிளாசிபோ குழுவினரைச் சும்மா விட்டுவிடுவதில்லை. இரத்தம், ஆன்டிபயாடிக், இரும்பைக் குறைக்கும் மருந்து என்று வழக்கமான சிகிச்சை எல்லாம் அவர்களுக்கும் தொடரும். இரண்டாவது, ஏற்கெனவே பலன் தரும் மருந்து ஒன்று இருந்தால் அதோடுதான் ஒப்பிட வேண்டும். லஸ்பாட்டர்செப்ட்டுக்கே அடுத்த ஆய்வில் அப்படித்தான் செய்தார்கள். சோகைக்கு வழக்கமாக முதலில் தரப்படும் எபோயடின் ஊசியோடு நேருக்கு நேர் வைத்தார்கள். 2023ல் வெளியான அந்த கமாண்ட்ஸ் ஆய்வில், 12 வாரம் இரத்தம் ஏற்றாமல் ஹீமோகுளோபினும் ஒன்றரை கிராமாவது உயர வேண்டும் என்ற கடினமான இலக்கை 59 சதவீதம் பேர் எட்டினார்கள். எபோயடின் குழுவில் 31 சதவீதம்.

2024 ஜூனில் ஒப்புதல் பெற்ற இமெடெல்ஸ்டாட்டிலும் கழித்தல் கணக்கு இதே மாதிரிதான்: 40 சதவீதம், எதிரே பிளாசிபோவில் 15. தொடக்கத்தில் சொன்ன ஃபார்வர்டில் வந்த 40ஐ இங்கிருந்துதான் எடுத்தேன். அது எட்டு வாரம் இரத்தம் ஏற்றாமல் இருந்தவர்களின் கணக்கு. குணமானவர்களின் கணக்கு இல்லை. கூடவே, மருந்து பெற்றவர்களில் பெரும்பான்மையோருக்கு வெள்ளையணுவும் தட்டணுவும் கடுமையாகக் குறைந்தன. வாராவாரம் இரத்தப் பரிசோதனைக்கு ஓட வேண்டியிருக்கும் என்பதையும் சேர்த்துத்தான் அந்த 40ஐப் பார்க்க வேண்டும்.

## ஒப்பீட்டுக் குழு இல்லாமலே நம்பவைத்த மருந்து

எந்த விதிக்கும் விலக்கு உண்டு. சிலருக்கு எம்.டி.எஸ். செல்களில் ஐந்தாம் குரோமோசோமின் ஒரு துண்டு காணாமல் போயிருக்கும். இந்த வகையை 1974லேயே பெல்ஜியத்தில் வான் டென் பெர்க் குழுவினர் விவரித்திருந்தார்கள். தாலிடோமைடு என்ற பழைய மருந்திலிருந்து பிறந்த லெனலிடோமைடு என்ற மாத்திரையை இந்த வகை உள்ள 148 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். பிளாசிபோ குழு கிடையாது. 67 சதவீதம் பேருக்கு இரத்தம் ஏற்றும் தேவை நின்றது. ஹீமோகுளோபின் நடுமதிப்பாக 5.4 கிராம் ஏறியது. தானாக ஏறி இறங்கும் சோகை இவ்வளவு தூரம் ஏறாது. அதைவிட முக்கியம், கணிசமானவர்களின் மஜ்ஜையில் அந்தப் பழுதான குரோமோசோம் உள்ள செல்களே தென்படவில்லை. அறிகுறி மறைந்ததோடு குளோனே ஒடுங்கியது.

காரணம் பல ஆண்டு கழித்துத்தான் தெளிவானது. செல்லுக்குள் இருக்கும் ஒரு புரதத்தை இந்த மருந்து அழிக்கவைக்கிறது. குரோமோசோமின் துண்டு தொலைந்த செல்களில் அந்தப் புரதம் ஏற்கெனவே பாதிதான் இருக்கும். நல்ல செல் இழப்பைத் தாங்கிக்கொள்கிறது. பழுதான செல் தாங்காமல் சாகிறது.

எஃப்.டி.ஏ. 2005 டிசம்பரிலேயே ஒப்புதல் தந்தது. ஐரோப்பிய அமைப்பு 2008ல் மறுத்தது. ஒப்பீட்டுக் குழு இல்லாததால், மருந்தே சிலரை ஏ.எம்.எல். நோக்கித் தள்ளுகிறதா என்று சொல்ல முடியவில்லை என்பது அவர்கள் கவலை. பிறகு பிளாசிபோவோடு ஆய்வு நடந்து, கூடுதல் தரவுகளும் சேர்ந்த பிறகு 2013ல்தான் ஐரோப்பாவில் ஒப்புதல் கிடைத்தது. ஒரே ஆதாரத்தை வைத்து இரண்டு அமைப்புகள் எதிரெதிராக முடிவெடுத்தன. இரண்டில் யார் செய்தது சரி என்று என்னால் அவ்வளவு எளிதாகச் சொல்ல முடியவில்லை. காத்திருந்த ஆண்டுகளில் இரத்தம் ஏற்றிக்கொண்டிருந்தவர்களும் மனிதர்கள்தான்.

## ஆயுளை அளப்பது ஏன் கஷ்டம்?

அதிக ஆபத்துப் பிரிவில் இன்றும் அடித்தளமாக இருக்கும் மருந்து அசாசிடிடின். 1960களில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் தயாரிக்கப்பட்டது. முதலில் செல்லைக் கொல்லும் மருந்தாக அதிக அளவில் பயன்படுத்திப் பார்த்தார்கள். நோயாளிகளால் தாங்க முடியவில்லை. குறைந்த அளவில் அது வேறு வேலை செய்கிறது என்பது பின்னால் தெரிந்தது. மரபணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு அவற்றை வாயடைத்துவைக்கும் மெத்தில் என்ற வேதித் துணுக்குகளை அது குறைக்கிறது. அடங்கிக் கிடந்த மரபணுக்கள் திரும்ப இயங்குகின்றன.

இதன் முதல் பெரிய ஒப்பீட்டு ஆய்வு 2002ல் வெளியானது. 191 பேர். ஒரு பாதிக்கு அசாசிடிடின், மறுபாதிக்கு இரத்தம் ஏற்றுதல் போன்ற ஆதரவுச் சிகிச்சை மட்டும். மருந்துக் குழுவில் ரெஸ்பான்ஸ், அதாவது இரத்த எண்ணிக்கையிலோ மஜ்ஜையிலோ முன்னேற்றம், 60 சதவீதம். மறுபக்கம் 5. பிரமாதமான வேறுபாடு. ஆனால் ஆயுளைப் பார்த்தால் 20 மாதம், 14 மாதம். இந்த இடைவெளி தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்றது புள்ளியியல்.

என்ன நடந்தது? ஆதரவுச் சிகிச்சைக் குழுவில் நோய் முற்றியவர்களை அசாசிடிடினுக்கு மாறிக்கொள்ள அனுமதித்திருந்தார்கள். மனிதாபிமானமான ஏற்பாடுதான். மருந்து ஊரில் இருக்கும்போது தரமாட்டேன் என்று எந்த மருத்துவர் சொல்வார்? ஆனால் பாதிப் பேர் நடுவழியில் மாறிவிட்டால், ஆயுளில் வந்த வேறுபாடு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. 2004ல் எஃப்.டி.ஏ. ஒப்புதல் தந்தபோதும் ஆயுள் பற்றிய கேள்வி திறந்தே கிடந்தது.

அதை மூடியது 2009ல் வந்த ஆய்வு. அதிக ஆபத்துள்ள 358 பேர். இந்த முறை குழு மாற அனுமதியில்லை. மருத்துவர் வழக்கமாகத் தேர்ந்தெடுக்கும் சிகிச்சை பெற்றவர்களின் ஆயுள் நடுமதிப்பாக 15 மாதம். அசாசிடிடின் குழுவில் 24.5 மாதம். நடுமதிப்பு என்றால் குழுவில் பாதிப் பேர் அந்தக் காலத்தைத் தாண்டினார்கள் என்று பொருள். யாருக்கும் இத்தனை மாதம்தான் என்ற கெடு அல்ல. இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் 51 சதவீதம், எதிரே 26 சதவீதம். இதில் முழுத் தணிவு, அதாவது பிளாஸ்ட் 5 சதவீதத்துக்குள் இறங்கி இரத்த எண்ணிக்கையும் சரியான நிலை, கிடைத்தவர்கள் வெறும் 17 சதவீதம். முழுத் தணிவு கிடைக்காத பலருக்கும் ஆயுள் கூடியிருக்கிறது. ரெஸ்பான்ஸும் ஆயுளும் ஒன்றுக்கொன்று உறவினர்கள், இரட்டைப் பிறவிகள் அல்ல.

ஆய்வில் கிடைத்த 24.5 மாதம் அன்றாட நடைமுறையில் பல நாடுகளிலும் எட்டப்படவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆய்வில் சேர்கிறவர்களுக்குச் சிறுநீரகம், கல்லீரல் எல்லாம் ஓரளவு நன்றாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு இல்லை. அப்புறம், ஆய்வில் 28 நாளுக்கு ஒருமுறை, தொடர்ந்து 7 நாள் ஊசி. வார விடுமுறையில் டே-கேர் வார்டு மூடியிருக்கும் மருத்துவமனைகளில் ஐந்து நாள் போட்டு, இரண்டு நாள் இடைவெளி விட்டு, மறுபடி இரண்டு நாள் போடுவார்கள். நான்கு முதல் ஆறு சுற்று போன பிறகுதான் பலன் தெரியும். அதற்குள் "ஊசி போட்டும் ஒன்றும் ஆகலையே" என்று பாதியில் நிறுத்துகிறவர்கள் எங்கும் உண்டு.

சுருக்கமாக: இரத்த எண்ணிக்கை முன்னேறுவது சீக்கிரம் தெரியும், அளப்பது எளிது. ஆயுள் கூடுகிறதா என்பது பல ஆண்டு காத்திருந்து, குழுக்களைக் கலக்காமல் பார்த்தால்தான் தெரியும். முதலாவதைக் காட்டி இரண்டாவதை நிரூபித்ததாகச் சொல்ல முடியாது.

## நம்பிக்கை தந்து கைவிட்டவை

ஆய்வுகள் கட்டம் கட்டமாக நடக்கும். முதல் கட்டத்தில் எவ்வளவு அளவு தாங்கும் என்று பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் சில டஜன் பேரிடம் பலன் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில்தான் நூற்றுக்கணக்கானவர்களை வைத்து, குலுக்கல் முறையில் பிரித்து, இருக்கிற சிகிச்சையோடு மோதவிடுவது. தலைப்புச் செய்திகள் பெரும்பாலும் இரண்டாம் கட்டத்தில் வருகின்றன. எம்.டி.எஸ். மருந்துகள் தோற்பது பெரும்பாலும் மூன்றாம் கட்டத்தில்.

டி.பி.53 என்ற மரபணு கெட்டுப்போன எம்.டி.எஸ்.தான் எல்லாவற்றிலும் மோசமானது. அந்த மரபணு தரும் புரதத்தை மறுபடி சரியான வடிவத்துக்குக் கொண்டுவரும் எப்ரெனெடபாப்ட் என்ற மருந்தை அசாசிடிடினோடு சேர்த்து அமெரிக்காவில் 40 எம்.டி.எஸ். நோயாளிகளுக்குத் தந்தார்கள். பாதிப் பேருக்கு முழுத் தணிவு. இந்த வகையில் அது கேள்விப்படாத எண். மூன்றாம் கட்டத்தில் 154 பேர் சேர்ந்தார்கள். 2020 டிசம்பரில் முடிவு: இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 33.3 சதவீதம், அசாசிடிடின் மட்டும் பெற்றவர்களில் 22.4 சதவீதம். ஆய்வு தோற்றதாக அறிவித்தார்கள்.

33 பெரிதா, 22 பெரிதா? அப்புறம் எப்படித் தோல்வி? ஆட்களாக எண்ணிப் பாருங்கள். சுமார் 26 பேர், எதிரே 17 பேர். ஒன்பது பேர் வித்தியாசம். மருந்துக்கு எந்தச் சக்தியும் இல்லாவிட்டாலும், குலுக்கலில் யார் எந்தப் பக்கம் விழுந்தார்கள் என்பதாலேயே இவ்வளவு வித்தியாசம் வர நூற்றுக்குப் பதின்மூன்று வாய்ப்பு இருந்தது. ஐந்துக்கு மேல் போனால் ஏற்பதில்லை என்பது வழக்கம். அந்த ஐந்து வானத்திலிருந்து விழுந்ததில்லை, மனிதர்கள் போட்ட கோடுதான். ஆனால் கோட்டை முன்கூட்டியே போட்டுவிட்டு, முடிவு வந்த பிறகு நகர்த்தக் கூடாது. இரண்டாம் கட்டத்தில் 50 ஆக இருந்தது இங்கே 33 ஆனதையும் கவனியுங்கள். சிறு குழுவில் கிடைக்கும் அதிர்ஷ்டம் பெரிய குழுவில் கரைந்துவிடும்.

மேக்ரோலிமாப்பின் கதையில் பணமும் சேர்ந்துகொண்டது. புற்றுச் செல்கள் தம் மேற்பரப்பில் சி.டி.47 என்ற புரதத்தை வைத்துக்கொண்டு, தம்மை விழுங்க வரும் பாதுகாப்புச் செல்களை விரட்டிவிடும். அந்தப் புரதத்தை மூடிவிட்டால் பாதுகாப்புச் செல்கள் வேலையைப் பார்க்கும் என்பது அழகான யோசனை. 95 பேரிடம் நடந்த ஆரம்ப ஆய்வில் மூன்றில் ஒரு பங்கினருக்கு முழுத் தணிவு. இந்த மருந்தை உருவாக்கிய சிறு நிறுவனத்தைக் கிலியட் 2020ல் 490 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 2023 ஜூலையில் மூன்றாம் கட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். தொடர்ந்தாலும் பலன் நிரூபணமாகாது என்று இடைக்காலக் கணக்கு காட்டியது. சிவப்பணுக்களின் மேலும் சி.டி.47 இருக்கிறது என்பதால், ஏற்கெனவே சோகையில் இருப்பவர்களுக்கு முதல் ஊசியிலேயே ஹீமோகுளோபின் இன்னும் இறங்கும் தொல்லை வேறு.

பெவோனெடிஸ்டாட், சபடோலிமாப், டமிபரோடின் ஆகியவையும் அசாசிடிடினோடு சேர்ந்து மூன்றாம் கட்டத்தில் தேறவில்லை. 2025 ஜூனில் வெனிடோகிளாக்ஸும் இந்த வரிசையில் சேர்ந்தது. அது ஏ.எம்.எல்.லில் நன்றாக வேலை செய்கிற மருந்து, எஃப்.டி.ஏ. எம்.டி.எஸ்.ஸுக்கும் அதற்கு முன்னுரிமைத் தகுதி தந்திருந்தது. அசாசிடிடினோடு சேர்த்துத் தந்தபோது ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. வயதான, ஏற்கெனவே எண்ணிக்கை குறைந்த மஜ்ஜையில் இரண்டு மருந்தை ஏற்றும்போது பக்கவிளைவால் அளவைக் குறைக்க வேண்டியிருக்கிறது, சுற்றுகள் தள்ளிப்போகின்றன. புது மருந்து தரும் லாபத்தை, பழைய மருந்து ஒழுங்காகப் போகாத நஷ்டம் தின்றுவிடக்கூடும்.

இவற்றைத் தோல்வி என்று எழுதுகிறோம். ஆனால் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வு இல்லையென்றால், இந்த மருந்துகளை இன்று எல்லோரும் கடன் வாங்கியாவது போட்டுக்கொண்டிருப்பார்கள்.

## குலுக்கிப் போட முடியாத இடம்

எம்.டி.எஸ்.ஸை அடியோடு போக்கும் வாய்ப்புள்ள ஒரே சிகிச்சை, இன்னொருவரின் ஸ்டெம் செல்களை மாற்றிப் பொருத்துவது. ஆபத்தும் அதிகம், சிகிச்சையாலேயே இறப்பவர்கள் உண்டு. இதற்குக் குலுக்கல் போட முடியுமா? உங்களுக்குத் தம்பி கொடையாளராகப் பொருந்துகிறார், ஆனால் சீட்டில் உங்கள் பெயர் வரவில்லை என்று யாரிடமும் சொல்ல முடியாது.

அமெரிக்காவில் 50 முதல் 75 வயதுள்ள 384 பேரிடம் நடந்த ஆய்வில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். பொருத்தமான கொடையாளர் கிடைத்தவர்கள் ஒரு குழு, கிடைக்காதவர்கள் மறு குழு. கொடையாளர் அமைவது நோயின் தீவிரத்தைப் பொறுத்தது அல்ல என்பதால், அதுவே ஓரளவு இயற்கை போட்ட குலுக்கல் ஆகிவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்து முதல் குழுவில் 47.9 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். மறு குழுவில் 26.6 சதவீதம். 70 வயது ஆகிவிட்டாலே மாற்றுச் சிகிச்சை பேச்சே வேண்டாம் என்றிருந்த மனநிலையை 2021ல் வெளியான இந்த முடிவு நன்றாகவே அசைத்தது.

## இந்தியாவில் ஆய்வில் சேரச் சொன்னால்

அசாசிடிடின், அதே வகையைச் சேர்ந்த டெசிடபின், லெனலிடோமைடு மூன்றும் இந்தியாவில் ஜெனரிக்காகக் கிடைக்கின்றன. புதிய மருந்துகளுக்கு ஆய்வில் சேருவது ஒரு வழி. 2009 ஜூன் முதல் இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு மருந்து ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவாக வேண்டும். யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். மருத்துவமனை சொல்லும் ஆய்வு அதில் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள்.

பதிவில் இரண்டு வரியைத் தேடினால் போதும். ஒன்று, ஒப்பீட்டுக் குழுவுக்கு என்ன தருகிறார்கள் என்பது. இன்னொன்று, முதன்மை விளைவாக எதை அளக்கிறார்கள் என்பது: எட்டு வாரம் இரத்தம் ஏற்றாமல் இருப்பதா, முழுத் தணிவா, ஆயுளா. உங்கள் நோய் குறைந்த ஆபத்துப் பிரிவா, அதிக ஆபத்துப் பிரிவா என்று தெரிந்துகொண்டு இதைப் பார்த்தால், அந்த ஆய்வு உங்கள் கவலைக்குப் பதில் தேடுகிறதா என்பது தெரிந்துவிடும்.

கையெழுத்துப் போடும் முன் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேட்டு வாங்கி, வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்கலாம். சேர்ந்த பிறகு எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் நிற்கக் கூடாது. 2019ல் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி, ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. அதே விதிகளில் அதிகம் பேர் கேட்காத ஒன்றும் இருக்கிறது. மாற்றுச் சிகிச்சை இல்லாத நோய்நிலையில், மருந்து உங்களுக்குப் பலன் தருகிறது என்று ஆய்வு மருத்துவர் பரிந்துரைத்து, மருத்துவமனையின் அறநெறிக் குழுவும் ஏற்றுக்கொண்டால், ஆய்வு முடிந்த பிறகும் நிறுவனம் அந்த மருந்தை இலவசமாகத் தொடர்ந்து தர வேண்டும். படிவத்தில் அந்தப் பத்தி இருக்கிறதா, எத்தனை காலத்துக்கு என்று எழுதியிருக்கிறதா என்பதைச் சேரும்போதே கேட்டுவிடுவது நல்லது. ஆய்வு முடிந்த பிறகு கேட்டால் பதில் சொல்ல அங்கே ஆள் இருக்கமாட்டார்கள்.